சொல்ல இயலாத வலி

தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயர் நம் நாட்டில் நெடுங்காலம் கேலிச்சொல்லாகவே வழங்கி வந்துள்ளது. ஈப்போவுக்கு அருகிலுள்ள அவ்வூரில் 1911ஆம் ஆண்டு மனநோயாளருக்கென ஆங்கிலேயர் ஆட்சி ஒரு மருத்துவமனையை நிறுவியதே அதற்குக் காரணம். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1906இல், நினைவு குலைந்து இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் தாம் கண்ட மாற்றங்களை ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் அறிவித்திருந்தார். ஆயினும், முதுமை மறதி மூளையைப் பற்றிய நோய் என்னும் தெளிவு நம் தோட்டங்களை எட்டப் பல்லாண்டுகள் ஆயின. "கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்பதோடு லயத்தில் பேச்சு முடிந்துவிடும்.

எலும்பு மருத்துவமோ விரைந்து வளர்ந்தது. 1940இல் அமெரிக்க மருத்துவர் ஆஸ்டின் மூர் உலோகத்தாலான இடுப்பு மூட்டைப் பொருத்தினார். 1962இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தும் நெகிழிக் கிண்ணமும் கொண்ட முழு மூட்டு மாற்றத்தை நிலைநாட்டினார். இடுப்பு முறிந்த முதியோர் படுக்கைப்புண்ணாலும் நுரையீரல் அழற்சியாலும் மடிந்த நிலை மாறத் தொடங்கியது.

ஆனால், மறதி நோயும் எலும்பு முறிவும் ஒருவரிடத்தே கூடும்போது விளைவு வேறாகிறது. நியூயார்க் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, இடுப்பு முறிந்தோருள் தெளிந்த நினைவுடையவர்களில் நூற்றுக்கு 12 பேரும், முற்றிய மறதி நோயாளரில் 55 பேரும் ஆறு மாதங்களுக்குள் இறந்தனர். மறதி முற்றியோர் பெற்ற வலிமருந்து, மற்றவர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கே என்பதையும் அவர்கள் கண்டனர். வலி குறைவன்று, வலிக்கிறது என்று சொல்லத்தான் அம்முதியோரால் இயலவில்லை.

பேராவின் பால்மரக் காடுகள் பல இன்று செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. அங்கே உளி பிடித்து உழைத்தவர்களில் பலர், முதுமையில் ஈப்போவின் தாமான்களில் பிள்ளைகளோடு வாழ்கின்றனர். பிழைப்புக்காகக் கற்ற மலாய், நினைவு தேயும்போது பெரும்பாலும் முதலில் நழுவுகிறது. தாய்மொழி நெடுநாள் தங்குகிறது. மூட்டு மாற்றிய மூதாட்டி, "காலு கடுக்குதே" என்று முனகினால், தமிழறியாத தாதியின் செவியில் அது பிதற்றலாகவே விழும். வலி அடங்காதவர் எழுந்து நடக்க மறுப்பார். நடக்காதவர் படுக்கையிலேயே தேய்வார்.

அறுவை வேண்டாம் என்பதன்று நம் கருத்து. மீண்டும் நடக்க இயலாதவருக்கும் அது வலியைக் குறைக்கக் கூடும். ஆயின், கத்தியின் பணி எலும்போடு முடிகிறது. முகச்சுளிப்பையும் முனகலையும் அறிந்து சொல்ல, உற்றார் ஒருவர் கட்டிலருகே அமர்வதும் மருத்துவமே அன்றோ? காடழித்துத் தோட்டம் கண்ட தலைமுறையின் இறுதிச் சொல்லையேனும் நாம் செவிமடுத்தல் வேண்டும்.