சுழலும் ராட்டையும் பாயும் புலியும்

தென்னாப்பிரிக்காவின் வால் ஆற்றங்கரையில் வைரம் தோண்டச் சென்றவர்கள், 1870ஆம் ஆண்டு கிளிப்டிரிஃப்ட் என்னுமிடத்தில் தமக்கென ஒரு குடியரசை அறிவித்து, ஸ்டாஃபோர்ட் பார்க்கர் என்பவரைத் தலைவராக்கிக் கொடியும் ஏற்றினர். ஓராண்டு நிறைவதற்குள் ஆங்கில அதிகாரம் அங்கு வந்து சேர்ந்தது. இத்தகைய அற்பாயுள் அரசுகளை எண்ணும்போதெல்லாம், தமிழர் பெருமளவில் பங்கேற்ற வேறோர் அரசின் கொடியே என் நினைவில் எழுகிறது.

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரின் கத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் அறிவித்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசைத்தான் சொல்கிறேன். சென்னை மருத்துவர் லட்சுமி சுவாமிநாதனும் எஸ். ஏ. ஐயரும் அதன் அமைச்சர்கள். மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் பலர் அதன் படைவீரர்கள்.

அக்கொடியில் பாயும் புலி இருந்ததென்றே நம்மில் பலரும் நம்புகின்றனர். புலி, ஜெர்மனியில் போஸ் திரட்டிய இந்தியப் படையணியின் சின்னம். சிங்கப்பூர் அரசு ஏற்றுக்கொண்டதோ 1931இல் காங்கிரஸ் வகுத்த மூவர்ணம். நடுவே காந்தியின் ராட்டை. துப்பாக்கி ஏந்திய படைக்கு அகிம்சையின் சின்னமா என்று வியக்கத் தோன்றும். ஆனால் வைரம் தோண்டியவர்கள் இல்லாத நாடொன்றை உண்டாக்கினார்கள். அவர்களுக்குப் புதுக்கொடி தேவைப்பட்டது. போஸ் உரிமை கோரியதோ முன்பே இருந்த நாட்டை. அந்நாட்டு மக்கள் அடிபட்டுச் சிறைசென்று காத்த கொடியை விலக்கிவிட்டு, அவர்களுடைய அரசு என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

ஒன்பது அரசுகள் அதை அங்கீகரித்தன. பெரும்பாலானவை ஜப்பானின் நிழலில் நின்றவை. 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் போஸ் அக்கொடியை ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், சுயராஜ் என்று பெயரும் சூட்டினார். சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை ஒற்றர்கள் என்று ஐயுற்று ஜப்பானியர் சுட்டுக்கொன்றனர். இதை எழுதாமல் கொடியேற்றத்தை மட்டும் எழுதுவோர் மீது எனக்கு வருத்தம் உண்டு.

அதன்பின் ஆணையராகச் சென்றவர் ராணுவ மருத்துவராக இருந்த தமிழர், ஏ. டி. லோகநாதன். கல்வித் துறையைத் தவிர வேறெதையும் ஜப்பானியக் கடற்படை அவரிடம் ஒப்படைக்கவில்லை; காவல்துறையைக் கேட்டும் தரவில்லை. மனம் கசந்து பர்மாவுக்குத் திரும்பினார். 1945இல் ஜப்பானியர் ரங்கூனைக் கைவிட்டு ஓடியபோது, பிரிட்டிஷ் படை வந்து சேரும்வரை அந்நகர மக்களைக் கொள்ளையரிடமிருந்து காத்தவர்கள், அவர் தலைமையில் பின்தங்கிய சில ஆயிரம் வீரர்களே.