புரோஸ்டேட் பயாப்ஸி எடுத்தாச்சு... ரிப்போர்ட் வர ஏன் இத்தனை நாள்? கணவருக்காகக் காத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிஎஸ்ஏ அளவு கூடுதலாக இருக்கிறது என்று கணவருக்குப் பயாப்ஸி எடுத்தாகிவிட்டது. "ரிப்போர்ட் வந்ததும் கூப்பிடுறோம்" என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் எதையும் வெளியே காட்டிக்கொள்ளாமல் பேப்பர் படிக்கிறார். தூக்கம் போவது பெரும்பாலும் மனைவிக்குத்தான்.

பிஎஸ்ஏ கூடினாலே கேன்சரா?

இல்லை. பிஎஸ்ஏ என்பது புரோஸ்டேட் சுரப்பி உருவாக்கும் ஒரு புரதம். வயதாகும்போது வரும் சாதாரண வீக்கம், யூரின் இன்ஃபெக்‌ஷன், ஏன், டெஸ்டுக்கு முந்தைய நாள் தாம்பத்திய உறவு இருந்தால்கூட அளவு ஏறலாம். 4 முதல் 10 வரை இருப்பவர்களில் சுமார் 4 பேரில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்க வாய்ப்பு என்கிறது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம். 10-ஐத் தாண்டினால் வாய்ப்பு பாதிக்கு மேல். அதனால், "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்று உறவினர்கள் அடித்துச் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம்.

ரிப்போர்ட் ஏன் லேட்டாகிறது?

பொதுவாக 12 இடங்களில் இருந்து ஊசியால் நூல் போன்ற சதைத் துணுக்குகளை எடுப்பார்கள். அவற்றை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிய பிறகுதான் நோய்க்குறியியல் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியும். சந்தேகம் இருந்தால் இன்னொரு வகைச் சாயச் சோதனை செய்வார்கள். அதற்கு மேலும் சில நாள் ஆகும். லேட்டானாலே கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை. புரோஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாக வளர்வது என்பதால், இந்தச் சில நாட்களில் நிலைமை கைமீறிப் போய்விடாது.

உண்மையில் இப்போது கவனிக்க வேண்டியது காய்ச்சலைத்தான். ஆசனவாய் வழியாகப் பயாப்ஸி எடுத்திருந்தால் கிருமித்தொற்று ரத்தத்தில் பரவும் ஆபத்து உண்டு. குளிர் நடுக்கமோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ வந்தால், யூரின் அடைத்துக்கொண்டால், இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. சிறுநீரில் சில நாட்களும், விந்தில் சில வாரங்களும் லேசாக ரத்தம் தெரிவது வழக்கமானதே.

ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கும்?

புற்றுநோய் இருந்தால் 'கிளீசன் ஸ்கோர்' என்று ஒரு எண் இருக்கும். 3+3=6 என்பதுதான் இன்று நடைமுறையில் கொடுக்கப்படும் மிகக் குறைந்த ஸ்கோர். "பத்துக்கு ஆறா!" என்று பதறத் தேவையில்லை. இந்த வகையில் பலருக்கு உடனே சிகிச்சை தராமல், தொடர்ந்து கண்காணித்து வருவதே பரிந்துரை. 3+4, 4+3 இரண்டுமே 7 தான், ஆனால் பின்னது கூடுதல் தீவிரம். 8 முதல் 10 வரை என்றால் வேகமாகப் பரவக்கூடியது. சிலருக்கு, "சந்தேகத்துக்குரிய செல்கள்" என்று இரண்டுங்கெட்டானாகவும் வரும். அப்போது மறுபடி பயாப்ஸி எடுக்க வேண்டியிருக்கலாம்.

பிரிட்டனில் நடந்த 'புரோடெக்ட்' ஆய்வு, சுரப்பியைத் தாண்டிப் பரவாத நிலையில் நோய் கண்டறியப்பட்ட 1,643 ஆண்களைப் பின்தொடர்ந்தது. கண்காணிப்பு, ஆபரேஷன், ரேடியேஷன் என எந்தப் பிரிவில் இருந்தாலும், 15 ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான் என 2023-ல் அதன் முடிவு வெளியானது.

அவரிடம் மறைக்கலாமா?

நம் வீடுகளில் மகன் ரிப்போர்ட்டை வாங்கி, "அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்பது சகஜம். பாசம்தான், ஆனால் இந்த நோயில் அது சரிப்படாது. ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிவு, ஆண்மைக் குறைவு வரலாம். அதை ஏற்பதா, கண்காணிப்பில் இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர், கூடவே நீங்கள். இருவருமாக டாக்டர் அறைக்குள் போங்கள். முடிவில் திருப்தி இல்லையென்றால் பயாப்ஸி ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் லேபில் கேட்டு வாங்கி, வேறொரு டாக்டரிடம் காட்டலாம். புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை.