பண்டாத் தீவுகளின் அமைதி

நகரத்தின் ஆரவாரத்தை விட்டு நீங்கி, அமைதி குலையாத தீவொன்றில் சில நாள் தங்கிவர வேண்டும் என விழைவோர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. அத்தகையோரின் உள்ளத்தைக் கவரும் இடங்களுள் ஒன்று, இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியில், செராம் தீவுக்குத் தெற்கே உள்ள பண்டாத் தீவுக்கூட்டம் ஆகும். ஆம்போனிலிருந்து கடல் கடந்து அங்குச் செல்ல வேண்டும். காற்றும் அலையும் இசைந்தால்தான் பயணம் இனிது முடியும்.

அத்தீவுகளின் நடுவே கடலிலிருந்து நேரே எழுந்து நிற்கிறது ஓர் எரிமலை. அதன் உயரம் 600 மீட்டருக்கு மேல். மலாய் மொழி அறிந்த நம்மவர்க்கு 'குனோங் அப்பி', அதாவது 'நெருப்பு மலை' என்னும் அதன் பெயரே பொருளை உணர்த்திவிடும். குறுகிய நீரிணையின் எதிர்க்கரையில் நேய்ரா என்னும் சிற்றூர் உள்ளது. அதற்கு மேலே ஐங்கோண வடிவில் பெல்ஜிக்காக் கோட்டை நிற்கிறது. லொந்தோர்த் தீவின் சரிவுகளில் ஓங்கி வளர்ந்த கெனாரி மரங்களின் நிழலில் சாதிக்காய் மரங்கள் செழித்துள்ளன. கடல்நீர் தெளிந்தது, அடியில் உள்ள பவளப் பாறைகள் தோணியிலிருந்தே தெரியும். இவற்றையெல்லாம் காண்போர், 'இஃது மனிதர் கைபட்டுக் கெடாத இடம்' என்று எண்ணுவது இயல்பே. ஆயின் வரலாறு கூறுவது வேறு.

சாதிக்காயும் அதன்மேல் செந்நிற வலைபோற் படரும் சாதிபத்திரியும் பல நூற்றாண்டுக்காலம் இச்சின்னஞ்சிறு தீவுகளிலிருந்தே உலகெங்கும் சென்றன. பண்டா மக்களுக்கு அரசன் இல்லை. 'ஓராங் காயா' எனப்பட்ட ஊர்ப்பெரியோரே கூடி முடிவெடுப்பர். சாவக வணிகரும் மலாய் வணிகரும் அரிசியும் துணியும் கொண்டுவந்து சாதிக்காயை மாற்றிச் சென்றனர். அத்துணிகளுள் சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டு மலாக்கா வழியாகச் சென்றவையும் உண்டு. தமிழ்நாட்டு நெசவாளனின் உழைப்பு, அவன் கண்டறியாத அத்தீவு மக்களின் உடலைப் போர்த்தியது.

1511ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், சாதிக்காயின் தாயகத்தைத் தேடி உடனே கப்பல்களை அனுப்பினர். அவை 1512இல் பண்டாவை அடைந்தன. 1599இல் ஒல்லாந்தர் வந்தனர். தமக்கு மட்டுமே சாதிக்காய் விற்க வேண்டும் என அவர்கள் ஒப்பந்தங்களைத் திணித்தனர். மக்களோ வழிவழி வந்த வணிக உறவை விடவில்லை; அரிசி கொண்டுவந்த சாவகருக்கும் ஆங்கிலேயருக்கும் தொடர்ந்து விற்றனர். 1609இல் பூசல் முற்றி, ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் வெர்ஹூவன் கொல்லப்பட்டார். அப்போது உடனிருந்த இளம் வணிக அலுவலர் யான் பீட்டர்சூன் கூன், பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின் ஒல்லாந்தக் கும்பினியின் தலைமை ஆளுநராகப் பெரும்படையுடன் திரும்பி வந்தார்.

1621ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்வதே நன்று. லொந்தோர் வீழ்ந்தது. மே மாதத்தில் 44 ஊர்ப்பெரியோர் நேய்ராவில் உள்ள நாசோக் கோட்டையருகே கூலிப்படையினரின் வாளுக்கு இரையாயினர். ஊர்கள் எரிக்கப்பட்டன. மலைக்கு ஓடியவர்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். எண்ணூறுக்கு மேற்பட்டோர் பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் எஞ்சியோர் ஏறத்தாழ ஆயிரவரே என மதிப்பிடுவர்.

ஆளில்லாத நிலத்தைக் கும்பினி 68 தோட்டங்களாகப் பிரித்துத் தன் குடியேறிகளிடம் ஒப்படைத்தது. உழைக்கக் கைகள் வேண்டுமன்றோ? அதற்கு அடிமைகள் பல திசைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோரும் அவர்களுள் இருந்தனர். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கட்டிய கோட்டை துணி வணிகத்துக்கு மட்டுமன்றி அடிமை வணிகத்துக்கும் இடமாயிருந்தது. பஞ்சக் காலங்களில் மக்கள் அங்கு விலைக்கு வாங்கப்பட்டுக் கிழக்கே அனுப்பப்பட்டனர். தோட்டம், வெளிநாட்டு முதலாளி, வேற்றூரிலிருந்து கொணர்ந்த உழைப்பாளி என்னும் முறை இப்பகுதியில் கரும்புக்கும் ரப்பருக்கும் முன்னரே சாதிக்காய்க்காக உருவாகிவிட்டது. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இஃது அயலார் கதையன்று.

ஆங்கிலேயர் உரிமை கொண்டாடிய ரூன் தீவும் 1667ஆம் ஆண்டின் பிரேடா உடன்படிக்கையால் ஒல்லாந்தர்க்கே உறுதியாயிற்று. அதே உடன்படிக்கையால் இன்றைய நியூயார்க் ஆங்கிலேயர் கையில் நின்றது. ஆயினும் எத்தனிக்காட்டும் என்றும் நிலைப்பதில்லை. 1796இல் ஆங்கிலேயர் பண்டாவைக் கைப்பற்றியபின், சாதிக்காய்க் கன்றுகள் பினாங்கு முதலிய இடங்களுக்குச் சென்றன. சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியிலும் சாதிக்காய்த் தோப்புகள் எழுந்து, 1850களில் நோயால் அழிந்தன. பினாங்கில் நாம் இன்றும் பருகும் சாதிக்காய்ச் சாறு இவ்வரலாற்றின் எச்சமே. விளைபொருள் உலகெங்கும் பரவியதும் பண்டாவின் மதிப்புக் குறைந்தது, கப்பல்கள் குறைந்தன. இன்று பயணிகள் புகழும் அமைதி பெரும்பாலும் அவ்வாறு வந்ததே. அஃது இயற்கை அளித்த அமைதி மட்டுமன்று. கொள்ளை முடிந்தபின் சந்தை கைவிட்டுச் சென்ற அமைதியும் ஆகும்.

அவ்வமைதியையே ஒல்லாந்த அரசு பின்னாளில் சிறையாகவும் பயன்படுத்திக்கொண்டது. இந்தோனேசிய விடுதலைத் தலைவர்களான முகம்மது ஹத்தாவும் சுத்தான் ஷாரிரும் 1936 முதல் 1942 வரை நேய்ராவில் நாடு கடத்தப்பட்டோராய் வாழ்ந்தனர். பெட்டி பெட்டியாக நூல்களுடன் வந்த ஹத்தா, ஊர்ச் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் ஒருவர் நாட்டின் துணைத் தலைவராகவும் மற்றவர் முதல் தலைமை அமைச்சராகவும் விளங்கினர். உலகம் மறந்த தீவில் அமர்ந்தும் ஆசிரியத் தொழிலைக் கைவிடாத அவர்களை நாம் நினைவில் கொள்ளல் தகும்.

எரிமலை செய்த அழிவையும் மனிதர் செய்த அழிவையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மே மாதம் குனோங் அப்பி வெடித்தது. தீக்குழம்பு கடலில் இறங்கிப் பவளப் பாறைகளை மூடியது. ஐந்தே ஆண்டுகளில், குளிர்ந்த அக்குழம்பின்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள் அடர்ந்து வளர்ந்திருக்கக் கண்டு அறிவியலார் வியந்தனர். 1621இல் அழிந்த சமுதாயமோ நான்கு நூற்றாண்டுகள் கடந்தும் பழைய நிலையில் மீளவில்லை. பண்டாவின் தொல்மொழி அம்மண்ணில் இன்று வழங்கவில்லை. தப்பியோடியவர்களின் வழித்தோன்றல்கள் தொலைவிலுள்ள கெய் தீவுகளில் அதனைப் பேசிவருகின்றனர். பிறந்த மண்ணில் இறந்த மொழி, புகுந்த மண்ணில் உயிர் வாழ்கிறது. ஒரு மொழியைக் காப்பது நிலமன்று, அதனைப் பிள்ளைகளுக்குப் பேசிக்கொடுக்கும் பெற்றோரே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மற்றொன்றும் எண்ணத்தக்கது. இன்று பண்டாவில் வாழ்வோர் பெரும்பாலும் பின்னாளில் குடியேறியவர்களின் வழிவந்தோர். ஆயினும் கொல்லப்பட்ட ஊர்ப்பெரியோர்க்கு நேய்ராவில் நினைவுச் சின்னம் எழுப்பியுள்ளனர். சக்கலேலே என்னும் வீரக்கூத்தில் அவர்களை நினைவுகூர்கின்றனர். இரத்த உறவு இல்லாவிடினும், தாம் வாழும் மண்ணின் துயரைத் தம் துயராக ஏற்றுக்கொண்டனர். அயலிலிருந்து கொணரப்பட்டோர் அம்மண்ணின் மக்களாவது இவ்வகையாலும் ஆகும்.

பண்டாவுக்குச் செல்ல வாய்ப்புடையோர் செல்லட்டும், மலையேறட்டும், பவளம் காணட்டும். செல்வதற்கு முன் இவ்வரலாற்றையும் அறிந்து செல்லட்டும். செல்ல இயலாத ஆசிரியரும் வகுப்பில் ஒரு சாதிக்காயை மாணவர் கையில் கொடுத்து இக்கதையைச் சொல்லலாம். அதற்குக் கப்பற் கட்டணம் வேண்டியதில்லை.