ஷூ தயாராகும் ஊரிலேயே சைக்கிள் ஷூ கிடைக்கலையா? மேல்விஷாரம் பக்கத்தில் எதை எங்கே வாங்கலாம்?

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஆற்காட்டைத் தாண்டி வேலூர் பக்கம் போனால் வருகிற ஊர் மேல்விஷாரம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் தொழில் பகுதியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா வரை ஷூக்கள் போகின்றன. ஆனால், கியர் சைக்கிள் ஓட்டும் ஒருவர் இங்கே ஒரு ஷூ கடைக்குப் போய், "அண்ணே, சைக்கிள் ஷூ இருக்கா?" என்று கேட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலும் ரன்னிங் ஷூதான் கைக்கு வரும்.

ஷூ ஊரில் ஷூ இல்லையா? அப்போ எங்கதான் வாங்குறது? தப்பான ஷூ வாங்கினால் பணம் மட்டும் போகாது, முட்டியும் வலிக்கும். கியர் சைக்கிள் பார்ட்ஸிலும் இதே குழப்பம் உண்டு. விரிவாகப் பார்க்கலாம்.

உள்ளூரில் ஏன் கிடைப்பதில்லை?

ஒரு காலத்தில் இந்தப் பகுதி ஷூ செய்யவே இல்லை. ஆவாரம் பட்டை போன்றவற்றில் பதனிட்ட, பாதி வேலை முடிந்த தோல்தான் கப்பலேறியது. 1972-ல் சீதாராமையா குழு அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு, பதனிடாத தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. 'முழுசா முடிச்ச தோலா அனுப்பு, இல்லைன்னா ஷூவா செஞ்சு அனுப்பு' என்பதுதான் அதன் சாரம். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் ஷூ ஊர்களாக வளர்ந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இங்குள்ள ஏற்றுமதி நிறுவனங்கள் வெளிநாட்டு பிராண்டுகளின் ஆர்டருக்குத்தான் தைக்கின்றன. ஃபேக்டரி கேட்டில் போய் நின்று ஒரு ஜோடி கேட்டால் கிடைக்காது. ஆம்பூர் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் அவுட்லெட் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஃபார்மல், கேஷுவல், பூட்ஸ் வகைகள். ஆபீஸ் ஷூ வாங்க நல்ல இடம், பிரியாணிக்கும் நல்ல இடம். சைக்கிள் ஷூவுக்காக மட்டும் அங்கே போக வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்றைய சைக்கிள் ஷூவில் தோல் அபூர்வம். மேல்பாகம் செயற்கை இழை, அடிப்பாகம் நைலான் அல்லது கார்பன். தோல் வியர்வையைக் குடித்து நாளடைவில் தளர்ந்துவிடும் என்பதால் கம்பெனிகள் அதை விட்டு விலகிவிட்டன. முன்பு அப்படி இல்லை. 1980-கள் வரை பந்தய வீரர்கள் தோல் ஷூதான் போட்டார்கள். அடியில் கிளீட் என்ற கட்டையை ஆணி வைத்து அடித்துக்கொள்வார்கள்.

தோல் அல்லாத ஷூ தொழிலும் இப்போது இந்தப் பக்கம் வந்திருக்கிறது. செய்யாறில் தைவான் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் ஷூ ஆலை பல ஆண்டுகளாக ஓடுகிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ குழுமத்தின் ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் இதுவும் பிராண்ட் ஆர்டர் வேலைதான். சில்லறைக் கடைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சைக்கிள் ஷூ உங்களுக்குத் தேவையா?

கல்லூரிக்கோ ஷிப்டுக்கோ தினமும் 5 கி.மீ. போய் வருபவருக்குத் தேவையே இல்லை. அடிப்பாகம் வளையாத சாதாரண ஷூவும், அகலமான ஃபிளாட் பெடலும் போதும். கால் நழுவாமல் இருக்க வேண்டும் என்றால் பெடலில் மாட்டும் டோ கிளிப் கூண்டும் வாரும் வாங்கிக்கொள்ளலாம். அந்த வாரை நம்ம ஊரில் தோலிலேயே தைத்து வாங்கலாம், அது ஒரு தனி கெத்து.

வாரக் கடைசியில் 50, 100 கி.மீ. ஓட்டுகிறவர், 14 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரி போகிறவர், 200 கி.மீ. தூரத்தை பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் பிரெவே சவாரிக்குத் தயாராகிறவர் என்றால் கதை வேறு. மெத்தென்ற ரன்னிங் ஷூ ஒவ்வொரு மிதிக்கும் வளைந்து கொடுக்கும். பல மணி நேரம் மிதித்தால் பாதம் மரத்துப்போகும். சைக்கிள் ஷூவின் அடிப்பாகம் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். அதில் திருகியிருக்கும் கிளீட், பெடலில் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும்.

பிரான்சின் லுக் நிறுவனம் 1984-ல் இந்த வகை பெடலைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பெர்னார்ட் இனோ அதைப் போட்டுக்கொண்டு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். 1990-ல் ஜப்பானின் ஷிமானோ தன் எஸ்.பி.டி. பெடலை அறிமுகம் செய்தது. கால் மாட்டிக்கொள்ளும் பெடலுக்கு 'கிளிப்லெஸ்' என்று பேர் வைத்ததுதான் வேடிக்கை. பழைய டோ கிளிப் இதில் இல்லை என்பதால் அந்தப் பெயர். கடையில் இந்த வார்த்தையைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

ரெண்டு போல்ட்டா, மூணு போல்ட்டா?

ஷூவைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கிளீட் திருக இரண்டு ஓட்டை இருந்தால் எஸ்.பி.டி. வகை. முக்கோணமாக மூன்று ஓட்டை இருந்தால் ரோடு பைக் வகை. ஷிமானோவில் இதற்கு எஸ்.பி.டி.-எஸ்.எல். என்று பெயர், லுக் பெடலுக்கும் இதே மூன்று ஓட்டைதான். ஆனால் ஒரு கம்பெனி கிளீட் இன்னொரு கம்பெனி பெடலில் மாட்டாது. ஷூ, கிளீட், பெடல் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஷூ மட்டும் ஆர்டர் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பெடலில் மாட்டவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. பொதுவாக கிளீட் பெடல் பெட்டியில்தான் வரும், ஷூ பெட்டியில் அல்ல.

முதல் ஷூ என்றால் இரண்டு போல்ட்தான் சரி. கிளீட் ரப்பர் அடிப்பாகத்துக்குள் பதுங்கியிருக்கும், நடக்கலாம். மூன்று போல்ட் ஷூவில் பிளாஸ்டிக் கிளீட் துருத்திக்கொண்டிருக்கும். டீக்கடை வாசலில் இறங்கி நாலு எட்டு வைத்தால் வாத்து நடைதான், கிளீட்டும் சீக்கிரம் தேயும்.

மூன்று போல்ட்தான் வேண்டும் என்பவர்கள் கிளீட் நிறத்தைக் கவனிக்க வேண்டும். ஷிமானோவில் மஞ்சள் கிளீட் கால் 6 டிகிரி அசைய இடம் கொடுக்கும், நீலம் 2 டிகிரி, சிவப்பு துளியும் அசையாது. புதியவர்களின் முட்டிக்கு மஞ்சள்தான் நல்லது.

சைஸ்: வாங்கும் முன் காலை அளங்க

மாலையில், காகிதத்தின் மேல் நின்று, குதிகாலை சுவரில் ஒட்டி வைத்து நீளத்தை சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஷிமானோ அட்டவணைப்படி 26.5 செ.மீ. பாதத்துக்கு சைஸ் 42. மற்ற கம்பெனிகளில் இது மாறும். அதனால் 'நான் எப்பவும் 8 தான் போடுவேன்' என்ற கணக்கு இங்கே உதவாது.

நீளத்தை விட அகலம்தான் நம் ஆட்களுக்குப் பிரச்னை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக மேற்கத்தியர்களைவிட அகலமாக இருப்பது அதில் தெரியவந்தது. இந்தியாவுக்கென்று 'பா' என்ற தனி சைஸ் முறையும் முன்மொழியப்பட்டது. சைக்கிள் ஷூவோ ஐரோப்பிய அச்சில், ஒடுக்கமாக வருகிறது. விறைப்பான ஷூ போகப் போக விரிந்து கொடுக்காது. 'வைட்' என்று குறிப்பிட்ட மாடல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சுண்டு விரல் பக்கம் இறுக்கினால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள்.

ஷூ எங்கே வாங்குவது?

போட்டுப் பார்த்து வாங்குவதுதான் முதல் வழி. மேல்விஷாரத்திலிருந்து சென்னை 115 கி.மீ. அளவில் இருக்கிறது, வாலாஜா ரோடு, காட்பாடி ஸ்டேஷன்களிலிருந்து ரயில் உண்டு. டெகாத்லான் போன்ற விளையாட்டுப் பொருள் கடைகளிலும், வெளிநாட்டு சைக்கிள் பிராண்டுகளின் ஷோரூம்களிலும் இந்த ஷூக்கள் இருக்கும். கிளம்பும் முன் போன் போட்டு, உங்கள் சைஸ் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எல்லா சைஸும் எல்லா நேரமும் ஸ்டாக் இருக்காது. பெங்களூரு இன்னும் தூரம், ஆனால் அங்கே சைக்கிள் சந்தை பெரிது.

ஆன்லைன் என்றால், திருப்பி அனுப்பும் விதியைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். வந்ததும் வீட்டுக்குள் துணி விரித்து அதன் மேல் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். சரி என்று தெரியும் வரை கிளீட்டைத் திருகாதீர்கள். திருகின தடம் அடியில் விழுந்துவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வெளிநாட்டு மாடல் ஒன்று இந்தியத் தளங்களில் இல்லாமல் இருக்கலாம். காலணிகளுக்கான தரக்கட்டுப்பாட்டு உத்தரவுகள் 2024-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, அதன் கீழ் வரும் ஷூ வகைகளை இங்கே விற்க வேண்டுமென்றால் அதைச் செய்த வெளிநாட்டு ஆலையும் பி.ஐ.எஸ். உரிமம் வாங்கியிருக்க வேண்டும்.

ஷூவின் வார் அறுந்தால், தையல் விட்டால், பக்கிள் உடைந்தால் தூக்கிப் போட வேண்டாம். இந்த வேலைக்கு ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துக் கைகளை விட நல்ல கை எங்கே கிடைக்கும்? அடிப்பாகத்தில் மட்டும் கை வைக்கச் சொல்லாதீர்கள். கிளீட் திருகும் இடத்தின் நேர் தவறினால் சரிசெய்ய முடியாது.

பார்ட்ஸ்: உள்ளூரில் எது, வெளியூரில் எது?

சாதா சைக்கிளுக்கு எந்தக் கவலையும் இல்லை. டியூப், டயர், வால்டியூப், செயின், பிரேக் கட்டை, பெடல், கோன், பால்ஸ், ஃப்ரீவீல் எல்லாமே பக்கத்து சைக்கிள் கடையில் கிடைக்கும். சரக்கு பெரும்பாலும் பஞ்சாப் மாநிலம் லூதியானாவிலிருந்து வருகிறது, இந்திய சைக்கிள் தொழிலின் தலைநகரமே அதுதான். நம் பங்குக்கு சென்னை அம்பத்தூர் இருக்கிறது. 1949-ல் முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ்தான் பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் சைக்கிள்களைக் கொடுத்தது.

சிக்கல் கியர் சைக்கிளில்தான். சாதா சைக்கிள் செயின் 1/8 அங்குல அகலம், கியர் சைக்கிளுக்கு அது ஏறாது. கியர் செயினிலும் 7, 8 ஸ்பீடுக்கு ஒன்று, 9-க்கு ஒன்று, 11-க்கு ஒன்று என்று தனித்தனி. பின் பல் சக்கரத்தில் எத்தனை பல் தட்டு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். அது திருகி மாட்டும் ஃப்ரீவீலா, செருகி மாட்டும் கேசட்டா என்றும் தெரிய வேண்டும். பல் தட்டுகளைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் வரிப்பள்ளமும் சேர்ந்து சுற்றினால் கேசட், அது நிற்க பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். 7 ஸ்பீடு ஃப்ரீவீல் வேலூர் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கேசட், கியர் லீவர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் பாகங்கள் என்றால் சென்னை அல்லது ஆன்லைன்தான். சென்னையில் பாரிமுனை பக்கம் என்.எஸ்.சி. போஸ் சாலையை ஒட்டிய ரத்தன் பஜார், சைக்கிள் கடைகளுக்குப் பேர் போன இடம். பேரம் பேசத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

டயருக்கு '26 சைஸ்' என்று கேட்டால் போதாது. 26 என்று எழுதிய இரண்டு டயர்கள் ஒரே ரிம்மில் ஏறாமல் போவதுண்டு. டயர் ஓரத்தில் 28-622 மாதிரி பொறித்திருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் மூன்று இலக்கம்தான் முக்கியம். ரோடு பைக்குக்கு 622, பழைய 26 அங்குல எம்.டி.பி.க்கு 559, நம்ம தாத்தா காலத்து 28 அங்குல சைக்கிளுக்கு 635.

செயின் மாற்ற வேண்டுமா என்பதை ஸ்கேலை வைத்தே பார்க்கலாம். புது செயினில் 24 பின் தாண்டினால் மிகச்சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் வரை விட்டுவிட்டால் பல் சக்கரமும் தேய்ந்திருக்கும், ரெண்டு செலவு.

பில் வாங்குங்க

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. காலணியில் ரூ.2,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பழைய வரிக்கணக்கில் விலை சொன்னால் கேளுங்கள். ஷிமானோ பெயரில் போலி பாகங்களும் சந்தையில் உண்டு. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு, பெட்டி இல்லை, பில் இல்லை என்றால் வாங்காதீர்கள், அதுவும் பிரேக் பாகம் என்றால் கட்டாயம் வேண்டாம்.

மாட்டும்போது இரண்டு விஷயம். இடது பெடலுக்கு மரை தலைகீழ். இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். இது தெரியாமல் அழுத்தி கிராங்க் மரையைக் கெடுத்தவர்கள் உண்டு. கிளீட்டை, கட்டை விரல் அடி மூட்டுக்கு நேராகவோ கொஞ்சம் பின்தள்ளியோ வைத்துத் திருகுங்கள். முட்டி வலித்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு கிளீட்டைச் சரிசெய்யுங்கள்.

முதல் நாளே நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டுக்குப் போகாதீர்கள், ஷேர் ஆட்டோ எப்போ நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு 20 தடவை மாட்டிக் கழற்றுங்கள், அப்புறம் காலி மைதானத்தில் ஓட்டிப் பாருங்கள். பெடலின் இறுக்கத்தைக் குறைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஆரம்பத்தில் அதை முழுக்கத் தளர்த்தி வைத்துக்கொண்டால், விழுவதற்கு முன் கால் தரைக்கு வந்துவிடும்.