கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழ்

1990களில் ரொறன்ரோவில் நாம் தமிழ்த் தளமொன்றை வாசிக்க, முதலில் பாமினி போன்ற எழுத்துருவைக் கணினியில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கிலக் கிறுக்கல்தான். பிறகு சில தளங்கள் எழுத்துருவைத் தாமே அனுப்பின, அதுவும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவிக்கு மட்டும். யூனிகோட் 1991இலேயே தமிழை ஏற்றிருந்தது. ஆனாலும் 2003இல் தமிழ் விக்கிப்பீடியா அதில் தொடங்கியபோது, பல விண்டோஸ் 98 கணினிகளில் கட்டங்களே தெரிந்தன.

யூனிகோடுக்கு மாறியது சரியே. பாமினியில் எழுதியதைத் தேடுபொறி தமிழென்று அறியாது. ஆனால் வீட்டின் பழைய கணினி அம்மம்மாவின் அறைக்குத்தானே போகும்! மரண அறிவித்தலைத் தமிழில் தேடுபவரும் அவரே. பழைய பதிப்பையும் சில வருடம் வைத்திருப்பது தளக்காரருக்கு இரட்டை வேலைதான். செய்யத் தகுந்த வேலை.

2021 மார்ச் 15இல் ஒன்ராறியோ 80 வயதைத் தாண்டியோருக்குத் தடுப்பூசிப் பதிவை இணையத்தில் திறந்தபோது, தொலைபேசி வழியையும் கூடவே வைத்தது. தாதியரான நமக்கு அது பெரிய ஆறுதல்.