அட்டை விமானமும் மடக்குப் பெட்டியும்

1925இல் நியூயார்க் பிராட்வேயில் அனடோல் ஜோசஃபோ வைத்த தானியங்கிப் பெட்டியில் 25 சென்ட் போட்டால் எட்டுப் படங்கள் வரும். 1927இல் அதன் அமெரிக்க உரிமை பத்து லட்சம் டாலருக்குப் போனது! நம்மூர்த் திருவிழாக்களில் அட்டை விமானமும் பிறைநிலாத் திரையும்தான். எங்க அப்பாயிக்கு இருந்த ஒரே படம் அந்த விமானத்தில் எடுத்தது, முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். கடைசியில் மாலை போட்டதும் அதற்குத்தான்.

இப்போது நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் மடக்குப் பெட்டி, சின்ன பிரிண்டர், அட்டை மீசைகளோடு தெருவிழாக்களுக்குப் போகிறேன். (சட்டத்தைப் பற்றவைத்தது நம்ம கல்லூரி ஒர்க்ஷாப்பில் கற்ற கைதான், நண்பர்களே.) போன பொங்கலுக்கு ஒரு பாட்டி, பேத்திகளோடு மீசை வைத்துச் சிரித்து முடித்துவிட்டு, தனியாகத் திரும்பி வந்தார். "தம்பி, மீசை இல்லாம ஒண்ணு எடு. கொஞ்சம் பெருசா."

எதற்கென்று கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.