விமானத்தில் மூச்சு: ஒட்சிசன் யாருக்குத் தேவை?

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகளிடம் போகும் முதியவர்களுக்குப் பயணப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பது எனக்கு வழக்கம். நோய் பற்றிய கேள்வி வந்ததும் அநேகமானோர் "இல்லையெண்டு போடு தம்பி" என்பார்கள். உண்மையைச் சொன்னால் ஏற்றமாட்டார்கள் என்ற பயம். யுத்தத்தில் நெஞ்சில் காயப்பட்டவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் செயற்கையாகக் கூட்டப்படுகிறது. ஆனால் தரைமட்ட அளவுக்கு அல்ல. உள்ளிருக்கும் நிலை அதிகபட்சம் 8,000 அடி உயர மலைக்குச் சமமாக இருக்கலாம். நம் நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகல உச்சி 8,281 அடி. ஏறத்தாழ அந்த உச்சியில், லண்டன் போய்ச் சேரும்வரை பதினொரு மணித்தியாலம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஒட்சிசன் அதே 21 வீதம்தான். ஆனால் அழுத்தம் குறைவதால், தரையில் 15 வீத ஒட்சிசனைச் சுவாசிப்பதுபோல் ஆகிவிடும். போயிங் 787, எயார்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் நிலைமை சற்று நல்லது. அவற்றில் இது சுமார் 6,000 அடி, அதாவது நுவரெலியா.

சுகதேகியின் குருதி ஒட்சிசன் அளவு 90 சொச்சத்துக்கு இறங்கினாலும் அவருக்குப் பெரிதாகத் தெரியாது. தரையிலேயே 92க்குக் கீழ் இருப்பவருக்குப் பறக்கும்போது மேலதிக ஒட்சிசன் தேவைப்படும் என்பது வைத்தியர்கள் நீண்டகாலம் பின்பற்றிய அளவுகோல். 92க்கும் 95க்கும் இடையில் இருந்து, நுரையீரல் நோயோ இருதய நோயோ உள்ளவர்களுக்கு 15 வீத ஒட்சிசனைச் சுவாசிக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனை உண்டு.

நெஞ்சில் தங்கிவிட்ட ஷெல் துண்டை உயரம் ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டியது நுரையீரலுக்கு வெளியே நெஞ்சறையில் தேங்கிய காற்றுக்கு. 8,000 அடியில் அது மூன்றில் ஒரு பங்கு விரிந்து நுரையீரலை நசுக்கும். அது முற்றாக மறைந்ததை எக்ஸ்ரேயில் உறுதிப்படுத்தாமல் பறக்கக் கூடாது.

ஒட்சிசன் குறைவின் வஞ்சகம், அது வலிக்காது என்பதே. தலை இலேசாகும், சிலருக்கு உற்சாகம்கூட வரும், புத்தி மட்டும் மங்கும். 2005 ஓகஸ்ட் 14இல் சைப்பிரஸின் லார்னக்காவிலிருந்து ஏதென்ஸ் புறப்பட்ட ஹீலியோஸ் 522 விமானத்தில் அழுத்தத்தைச் சீராக்கும் ஆளி தானியங்கி நிலைக்கு மாற்றப்படாமல் இருந்தது. எச்சரிக்கை ஒலித்தும் விமானிகளுக்குக் காரணம் பிடிபடவில்லை, மயங்கினார்கள். எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 121 பேரும் இறந்தனர்.

35,000 அடியில் அழுத்தம் இழக்கப்பட்டால் நிதானமாகச் செயற்படக் கிடைப்பது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான். முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு மாட்டுங்கள், பிறகு பிள்ளைக்கு. நன்றாக இழுத்தால்தான் ஒட்சிசன் வரத் தொடங்கும். பை ஊதாவிட்டாலும் வரும். பல விமானங்களில் அது ஏறத்தாழ கால் மணித்தியாலமே தாங்கும், அதற்குள் விமானி கீழே இறக்கிவிடுவார். அதை நோயாளிக்கான ஒட்சிசன் என்று நம்பிப் போகாதீர்கள்.

வீட்டுச் சிலிண்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்காது. பற்றரியில் இயங்கும், அனுமதிக்கப்பட்ட சிறிய ஒட்சிசன் செறிவாக்கியைக் கொண்டுபோகலாம். பயண நேரத்தின் ஒன்றரை மடங்குக்குப் பற்றரி கேட்பார்கள். லண்டனுக்கு என்றால் பதினாறரை மணித்தியாலம். வைத்தியர் நிரப்பும் மருத்துவப் படிவத்தை, ரிக்கற் போட்டவுடனேயே நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.